உப்புக் கோபுரத்துக்கு வழி கேட்டவர்கள்

வட இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் ஊர் பேட்லியில் அந்தக் காலத்தில் போன் மணி அடித்தால் வெறுமனே ‘ஹலோ’ என்று சொல்வது பண்பில்லாதவர்கள் செய்கிற காரியம். ஊர்ப் பெயரைச் சொல்லி, நம்பரை ஒவ்வோர் எண்ணாக நிறுத்திச் சொல்ல வேண்டும். அதற்கென்றே அம்மாவிடம் ஒரு குரல் இருந்தது. “எந்தக் கழுதைடா சேத்துக் காலோட உள்ள வந்தது?” என்று அடுப்படியில் கத்திக்கொண்டிருப்பவள், போனைக் காதில் வைத்த மறுகணம் அரண்மனையில் பிறந்தவள் மாதிரி ஆகிவிடுவாள். நானும் அப்பாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

என் அக்கா ஹிலரி சிரிக்க மாட்டாள். அவள் அங்கே இருக்கவே மாட்டாள். மணிச் சத்தம் கேட்டதும் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள்.

ஹிலரிக்குத் திக்குவாய். ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிற திக்கல் இல்லை. சொல் தொண்டை வரை வந்து அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். தாடை இறுகும், கண் மூடும், சத்தம் மட்டும் வராது. நேரில் நிற்பவர்களாவது முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். போனில் யாருக்கு முகம் தெரியும்? லைன் செத்துவிட்டது என்று வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பாதிரியார் வீட்டம்மா ஒருமுறை அப்படித்தான் வைத்துவிட்டாள். வைத்தவள் பக்கத்து ஊர் பெயின்டரைக் கூப்பிட்டு, அப்பாவுக்கு வர வேண்டிய வேலையை அவனுக்குக் கொடுத்துவிட்டாள். அப்பா ஹிலரியைத் திட்டவில்லை. ஒரு பெருமூச்சு விட்டார், அவ்வளவுதான். திட்டியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

அப்பா கிளிஃபர்ட் சக்டன் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர், வால்பேப்பர் ஒட்டுபவர். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன மேசையில் இருந்த அந்த போன் எங்களுக்காக வாங்கியதில்லை, அவர் தொழிலுக்காக வாங்கியது. படிக்கு அடியில் இருந்த அலமாரி நிறைய மிச்சம் மீதி வால்பேப்பர் ரோல்கள். வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பெண்டாட்டி நோயாளி என்பார்களே, அதே கணக்குதான். ஊரெல்லாம் பூப்போட்ட சுவர், எங்கள் வீட்டு ஹாலில் மட்டும் உரிந்து தொங்கும் பழைய பழுப்புக் காகிதம். அம்மா அதைப் பார்த்துப் பல்லைக் கடிக்காத நாள் இல்லை.

ஒரு கிறிஸ்துமஸுக்கு அப்பா கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். ரப்பர் பட்டன்கள் வைத்த சின்னக் கறுப்புப் பெட்டி. டிவியில் செருக வேண்டும், ஆட்டம் கேசட்டில் இருக்கும். பிள்ளைகள் அதில் படித்து முன்னுக்கு வருவார்கள் என்று கடைக்காரன் அப்பாவிடம் சொல்லியிருந்தான். அப்பா எதையும் நம்புகிற ஆள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு லோட் ஆவது, அதாவது கேசட்டிலிருந்து ஆட்டம் கம்ப்யூட்டருக்குள் ஏறுவது என்றால் என்னவென்று தெரியாது. கேசட்டைப் போட்டு பட்டனை அழுத்தினால், தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி ஒரு சத்தம் கிளம்பும். அது முடிகிற வரை வீட்டில் யாரும் தொம் தொம் என்று நடக்கக் கூடாது, வாஷிங் மெஷினைப் போடக் கூடாது. டோஸ்ட்டின் மேல் பீன்ஸ் ஊற்றித் தின்று தட்டையும் கழுவி வைத்துவிட்டு வந்தாலும் கீறிக்கொண்டே இருக்கும். எல்லாம் முடிந்து, இதோ வந்துவிட்டது என்கிற நேரத்தில் ‘எரர்’ என்று ஒரே ஒரு வரி வரும். மறுபடி முதலிலிருந்து. இதற்கெல்லாம் அலுத்துக்கொள்கிறவர்கள் அந்த ஆட்டத்துக்கு லாயக்கில்லை.

ஆட்டத்தின் பெயர் உப்புக் கோபுரம். அதில் படம் கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. ‘நீ ஒரு சதுப்பு நிலத்தின் ஓரத்தில் நிற்கிறாய். மேற்கிலிருந்து உப்புக் காற்று வீசுகிறது. இங்கே ஓர் ஊன்றுகோல் கிடக்கிறது’ என்று திரை சொல்லும். நாம் இரண்டே சொல்லில் கட்டளை கொடுக்க வேண்டும். கோலை எடு. விளக்கை ஏற்று. தப்பாகச் சொன்னால் சேறு விழுங்கிவிடும். அப்பா ஒருநாள் வந்து உட்கார்ந்து, ‘டீ போடு’ என்று தட்டினார். ‘அது இங்கே இல்லை’ என்றது திரை.

“இதத்தான் உங்கம்மாவும் சொல்றா” என்று எழுந்து போய்விட்டார்.

கீபோர்டு எப்போதும் ஹிலரி கையில். அவளுக்குப் பதினைந்து வயது, எனக்குப் பத்து. சண்டை போட்டுப் பார்த்தேன், பலிக்கவில்லை. கொஞ்ச நாளில் சண்டை போடத் தோன்றவும் இல்லை. அந்த ஆட்டத்தில் உட்கார்ந்த ஹிலரி வேறு ஹிலரி. கோட்டைக் காவலனை ஏய்த்தாள், பூதத்தோடு பேரம் பேசினாள், கிழட்டு ராணியிடம் வாயடித்தாள். யோசிக்க எத்தனை நேரம் எடுத்துக்கொண்டாலும், திரையின் மூலையில் தட்டுகிற இடத்தைக் காட்டும் சின்னக் கட்டம் மினுக்கிக்கொண்டே காத்திருந்தது. ஒருநாளும் அது பெருமூச்சு விடவில்லை.

என் வேலை வரைபடம் போடுவது. இந்த ஆட்டங்களை ஆடியவர்கள் எல்லாருமே அப்படிப் போட்டவர்கள்தான், இல்லாவிட்டால் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது. மற்றவர்கள் கட்டம் போட்ட தாளில் போடுவார்கள். எங்கள் வீட்டில் தாளுக்குப் பஞ்சம், வால்பேப்பருக்குப் பஞ்சமில்லை. வெளிர் மஞ்சள் ரோல் ஒன்றை எடுத்து, அதன் முதுகில் ஊதா ஸ்கெட்ச் பேனாவால் சதுப்பு, கோட்டை, சுரங்கம் என்று கட்டம் கட்டமாக வரைந்தேன். குளிர்காலம் முழுக்க அது நீண்டுகொண்டே போனது.

பிப்ரவரியில் ஒருநாள் ஹிலரி கோபுரத்தின் உச்சிக்கு ஏறிவிட்டாள். அங்கே என்ன இருந்தது என்று சொல்ல மாட்டேன். இன்னும் ஆடாதவர்கள் யாராவது இருப்பார்கள்.

நாங்கள் வாங்கிய கம்ப்யூட்டர் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் ஒரு பகுதி வரும். எந்த ஆட்டத்தை யார் முடித்தார்கள் என்று பெயர் போடுவார்கள். பக்கத்திலேயே போன் நம்பரும் இருக்கும். நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் அவர்களைக் கூப்பிட்டுக் கேட்கலாம். அதற்கு ஒரு தர்மம் உண்டு. விடையை நேராகச் சொல்லக் கூடாது, கேட்கவும் கூடாது. லேசாகக் கோடி காட்ட வேண்டும். மிச்சத்தைக் கேட்டவரே கண்டுபிடிக்க வேண்டும்.

ஹிலரி தான் முடித்ததைப் பத்திரிகைக்கு எழுதிப் போட்டாள். பெயர் மட்டும் வந்தால் போதும் என்று நம்பரை எழுதவில்லை. ஆனால் வீட்டில் இருந்ததிலேயே நல்ல தாள் எதுவோ அதில் எழுதினாள். அது அப்பாவின் தொழில் தாள். அதன் தலையிலேயே நம்பர் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது.

பத்திரிகை வந்த அன்று, ‘உப்புக் கோபுரம்: ஹிலரி சக்டன், பேட்லி’ என்ற வரியைப் பார்த்துவிட்டு அவள் வீடு முழுக்க ஓடினாள். பள்ளிக்கூடத்தில் வாய் திறந்து வாசிக்க வேண்டிய எதற்கும் அவள் பெயரை யாரும் எழுத மாட்டார்கள். அவள் பெயர் அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை. ஓடியவள் பாதியில் நின்றாள். அப்போதுதான் நம்பரைப் பார்த்தாள் போலிருக்கிறது.

ஆறு மணிக்கு மேல் போன் கட்டணம் குறைவு. ஆறடித்ததும் மணி அடிக்கத் தொடங்கியது. முதல் அழைப்பை அப்பாதான் எடுத்தார்.

“என்ன தம்பி? முழுகுதா? எது முழுகுது? சதுப்பா! சுவர் எவ்வளவு உயரம் வரைக்கும் ஈரமா இருக்கு?” அப்பா பென்சிலைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். “பூதமா? எந்த ரூம்ல?”

ஒரு வாரம் அப்பா பொறுத்தார். அதற்குள் ஒரு வேலை கைவிட்டுப் போயிற்று. சாயங்காலம் முழுக்க முயன்றும் லைன் கிடைக்கவில்லை என்று அந்த ஆள் வேறு யாரையோ கூப்பிட்டுக்கொண்டான். அன்று சாப்பாட்டு மேசையில் அப்பா முட்கரண்டியைக் கீழே வைத்தார்.

“இங்க பாரு கண்ணு. உன்னக் கேட்டு வர்ற போன நீ எடுத்துப் பேசு. சட்டுனு பேசி முடிச்சுடு. முடியலன்னா சொல்லு, ஈஸ்டருக்கு முன்னாடி அந்தப் பத்திரிகைக்கு ஒரு வார்த்தை சொல்லி உன் பேர எடுத்துடலாம். யாருக்கும் கஷ்டம் இல்ல.”

ஹிலரியின் தாடை இறுகியது. நாங்கள் எல்லாரும் பீன்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“பே…ர எடுக்க வேணாம்” என்றாள். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. அப்பாவுக்கும் மனசு கேட்கவில்லைதான். ஆனால் தொழில் நடக்க வேண்டுமே.

அதனால் நான் வாய், அவள் மூளை என்று ஏற்பாடு செய்துகொண்டோம். போனை நான் எடுப்பேன். ஹிலரி படியில் உட்கார்ந்து என் காதில் கிசுகிசுப்பாள். கிசுகிசுக்கும்போது அவளுக்கு அவ்வளவாகத் திக்காது. ஆனால் அவள் சொல்வதைக் கேட்டு, போனில் சொல்வதையும் கேட்டு, ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்வதற்குள் எனக்கு மண்டை காய்ந்துவிடும்.

இந்த நேரத்தில்தான் அம்மா பொங்கினாள். ஒரு சனிக்கிழமை அப்பா கிரிக்கெட் கிளப் கூட்டத்துக்குப் போயிருந்தார். “இந்தச் சுவர ஒட்டுவேன் ஒட்டுவேன்னு கல்யாணத்திலேருந்து சொல்றான்” என்று பசையைக் கரைத்து, அலமாரியில் கையை விட்டு, வந்த ரோலை எடுத்தாள். வந்தது வெளிர் மஞ்சள். முதுகில் பிள்ளைகள் என்னவோ கிறுக்கி வைத்திருப்பதைப் பார்த்தாளாம். முதுகு சுவர்ப் பக்கம்தானே போகப் போகிறது, யார் பார்க்கப் போகிறார்கள் என்று பசையைத் தடவி ஒட்டிவிட்டாள்.

நான் விளையாடிவிட்டு வந்தபோது என் குளிர்காலம் முழுவதும் சுவருக்குள் போயிருந்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பசை ஈரத்தில் ஸ்கெட்ச் மை சும்மா இருக்குமா? இரண்டு நாளில் ஊதாக் கோடுகள் ஒவ்வொன்றாக வெளியே ஊறி வந்தன. முதலில் கோட்டை, பிறகு சுரங்கம், போனுக்கு மேலே சதுப்பு. அப்பா தொப்பியைக் கழற்றிவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆட்ரி, இது என்னது?”

“டிசைன்” என்றாள் அம்மா.

“டிசைனா!”

“ஆமா, இப்ப அதுதான் ஃபேஷன். உனக்குப் பிடிக்கலன்னா நீ ஒட்டியிருக்கணும்.”

அதற்குமேல் பேச அப்பா என்ன பைத்தியமா?

எனக்கு மட்டும் கொண்டாட்டம். போன் பக்கத்திலேயே வரைபடம்! வியாழக்கிழமை சாயங்காலம் ஹிலரி சர்ச் பாட்டுக் குழுவுக்குப் போய்விடுவாள். பாடும்போது அவளுக்குத் திக்கவே திக்காது. அன்று வந்த எல்லா அழைப்புக்கும் சுவரைப் பார்த்து நானே பதில் சொன்னேன். கோடி காட்டுகிற பொறுமையெல்லாம் எனக்கு எங்கே? சதுப்பில் நிற்கிறீர்களா, கிழக்கே போங்கள், அவ்வளவுதான். பெரிய மனுஷன் மாதிரி இருந்தது.

சனிக்கிழமை காலையிலேயே மணி அடித்தது. வேல்ஸ் பக்கத்திலிருந்து பிரிச்சர்ட் அம்மா. அவர் புருஷன் கறிக்கடை வைத்திருந்தார். நான்கு பையன்களும் பள்ளிக்கூடம் போன பிறகு இவர் உட்கார்ந்து ஆடுவார். கடை முழுக்கக் கேட்டுப் பழகிய குரல், எங்கள் ஹால் முழுக்கவும் கேட்டது.

“ஏன்டா தம்பி, நீ மனுஷனா? கிழக்கே போன்னு சொன்ன. போனேன், சேறு விழுங்கிடுச்சு. மறுபடி லோட் பண்ணிப் போனேன், மறுபடி விழுங்கிடுச்சு. மொதல்ல நேரா சொன்னதே தப்பு. சொன்னதும் தப்பா சொல்லிருக்க!”

“சுவரப் பாத்துத்தான் சொன்னேன்” என்றேன் நான்.

“எந்தச் சுவர?”

படியில் உட்கார்ந்திருந்த ஹிலரி எழுந்து வந்து சுவரைப் பார்த்தாள். பார்த்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். முதுகில் வரைந்த படம் முன்பக்கம் ஊறினால் கண்ணாடியில் தெரிகிற மாதிரித்தானே தெரியும். கிழக்கு மேற்காகவும் மேற்கு கிழக்காகவும் மாறிக் கிடந்தது. வியாழக்கிழமை என்னைக் கேட்ட அத்தனை பேரும் நாட்டின் அத்தனை மூலையிலும் சேற்றில் முழுகியிருப்பார்கள். இதில் என் தப்பு எதுவும் இல்லை. ஒட்டியது அம்மா.

“ஹிலரியக் கூப்பிடு” என்றார் பிரிச்சர்ட் அம்மா.

“அவ வெளிய போயிருக்கா.”

“பொய் சொல்லாத. பக்கத்துல யாரோ கிசுகிசுன்னு பேசுறது எனக்கு எப்பவும் கேக்குது.”

அப்பா அடுப்படியிலிருந்து வந்துவிட்டார். வரும்போதே கையை நீட்டினார். “குடுடா. நானே அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன். திங்கக்கெழம பத்திரிகைக்கும் சொல்லி முடிச்சுடுறேன். இது சரிப்படாது.”

நான் ரிசீவரை அவரிடம் நீட்டினேன். நடுவில் ஹிலரி கை வந்தது. வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.

“ஹலோ? ஹிலரியா?”

ஹிலரி வாயைத் திறந்தாள். தாடை இறுகியது, கண் மூடியது. சத்தம் இல்லை. கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.  இப்போது பிரிச்சர்ட் அம்மா வைத்துவிடுவார், பாதிரியார் வீட்டம்மா வைத்த மாதிரியே வைத்துவிடுவார் என்று நினைத்தேன். அப்பா ஒரு மூச்சை இழுத்தார். இழுத்ததைப் பெருமூச்சாக விடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

“என்ன கண்ணு, லோட் ஆகுதா?” என்றது போன். “ஆகட்டும், ஆகட்டும், என்ன அவசரம்? எங்க வீட்டு மெஷின்கூட எரர் போட்டு எரர் போட்டுத்தான் உள்ள விடும். நீ அங்கயே இரு. நான் போய் டீக்குக் கெட்டில போட்டுட்டு வந்துடுறேன்.”

ரிசீவரை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. குழாயில் தண்ணீர் விழுந்தது. யாரோ ஒரு பையனுக்கு முதுகில் ஒன்று விழுந்தது. பிறகு நாற்காலி இழுபட்டது.

“வந்துட்டேன்.”

“கா…த்து” என்றாள் ஹிலரி. நிறுத்தினாள். யாரும் குறுக்கே வரவில்லை. “காத்து எந்தப் பக்கத்திலேருந்து அடிக்குதுன்னு பாருங்க.”

 அந்தப் பக்கம் ஒரு கூச்சல். “அட என் தங்கமே! மொத வரியிலயே போட்டிருக்கானே! கடல் அங்க இருக்குன்னா, கோபுரமும்… சொல்லாத, சொல்லாத, நானே போய்ப் பாக்கறேன்!” டக்கென்று வைத்துவிட்டார். நன்றிகூடச் சொல்லவில்லை.

ஹிலரி ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அப்பா பிடித்து வைத்திருந்த மூச்சை மெல்ல விட்டார். கழுத்தைச் சொறிந்தார். ஜன்னலைப் பார்த்தார்.

“பேரு இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

அந்த அம்மாவுக்கு ஹிலரியைப் பற்றி எதுவும் தெரியுமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாமலே சொல்லியிருக்கலாம். கேசட்டின் முன்னால் உட்கார்ந்து பழகியவர்களுக்குக் காத்திருப்பது ஒரு பொருட்டில்லை. எல்லாரும் அப்படி இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். அன்று மத்தியானம் கூப்பிட்டவர்களில் சிலர் பட்டென்று வைத்துவிட்டார்கள்.

“போகட்டும்” என்றாள் ஹிலரி, பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டே. “மா…ட்டிக்கிட்டவங்க திரும்பக் கூப்பிடுவாங்க.” அவர்களும் திரும்பக் கூப்பிடத்தான் செய்தார்கள்.

அப்பாவின் தொழில் கெடாமலிருக்க ஏழிலிருந்து எட்டு வரை மட்டும் என்று நேரம் வைத்துக்கொண்டாள். அடுத்த மாதப் பத்திரிகையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு வரி இருந்தது. அதை அவளே, அதே தொழில் தாளில், எழுதிப் போட்டிருந்தாள்.

‘போனை எடுத்ததும் சத்தம் வராது. லோட் ஆகிறது. வைத்துவிடாதீர்கள்.’

அப்பா அந்தப் பக்கத்தைக் கத்தரித்துத் தன் வேன் கண்ணாடியில் செருகி வைத்திருந்தார். வெயிலில் எழுத்து மங்கும் வரை அது அங்கேதான் இருந்தது.

இன்று அந்தத் தொழில் ஹிலரியுடையது. வேனில் அவள் பெயர்தான் எழுதியிருக்கிறது. பேட்லியில் பாதி வீட்டுச் சுவர்கள் அவள் கை பட்டவை. திக்கல் எங்கேயும் போகவில்லை, அவளோடேயே இருக்கிறது. காத்திருக்கத் தெரியாமல் போனை வைப்பவர்களின் சுவர் தனக்கு வேண்டாம் என்பாள். எங்கள் பழைய ஹாலை மட்டும் அம்மா யாரையும் தொட விடவில்லை. அது டிசைன்.

போன வாரம் என் அடுப்படிக்கு வால்பேப்பர் ஒட்ட வேண்டும் என்று அவளைக் கூப்பிட்டேன். எடுத்தாள், சத்தமில்லை. சரி என்று போனை மேசையில் வைத்துவிட்டு, கெட்டிலில் தண்ணீர் பிடித்துப் போட்டுவிட்டு, நிதானமாகத் திரும்பி வந்தேன்.

“வந்துட்டேன்” என்றேன்.

“எவ்வளவு நேரம்டா” என்றாள் ஹிலரி. “நான் எப்பவோ பேசி முடிச்சுட்டேன்.”